இரு கணினிகளும் ஒரு குடும்ப ஆல்பமும்



நம் பெற்றோர் காலத்தில் குடும்ப ஆல்பம் என்பது ஒன்றே ஒன்றுதான். கறுப்புத் தாளில் நான்கு மூலைகளிலும் முக்கோணக் காகிதம் ஒட்டி, அவற்றினுள் படத்தைச் செருகி, தாளுக்கும் தாளுக்கும் இடையே சிலந்தி வலை அச்சிட்ட மெல்லிய காகிதம் வைத்துக் கட்டிய அந்தப் புத்தகம், இரும்புப் பீரோவின் மேல்தட்டில் பட்டுச் சேலைகளோடு உறங்கும். விருந்தினர் வந்தால் இறங்கும். அவர்கள் விடைபெற்றதும் ஏறும். அதில் எது அசல், எது நகல் என்று எவரும் கேட்டதில்லை. கடைசியாகத் திருத்தியவர் யார் என்ற வழக்கும் எழுந்ததில்லை.

இன்றைய நிலையோ வேறு. மேசைக் கணினியில் பல்லாயிரம் படங்கள். வெளியூரில் பயிலும் மகனின் மடிக்கணினியில் மேலும் பல்லாயிரம். இரண்டிலும் பாதிக்குப் பாதி ஒரே படங்கள். ஆனால் ஒன்றில் வெளிச்சம் கூட்டியிருக்கும், மற்றொன்றில் இராது. ஒன்றில் பெயர் எழுதியிருக்கும். மற்றொன்றில் வெறுமையாக இருக்கும். இவ்விரண்டையும் எப்படி ஒன்றுபோல வைத்திருப்பது என்பதே இத்திங்கள் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள். கணினிச் செய்தி குடும்பப் பக்கத்தில் எதற்கு என்று சிலர் எண்ணலாம். எங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கேட்டபின் அவ்வாறு எண்ணமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

2019ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், உறவினர் வீடுகளில் சிதறிக் கிடந்த பழைய படங்களையெல்லாம் திரட்டி, ஸ்கேனரில் வைத்துக் கணினியில் ஏற்றினோம். மொத்தம் 412 படங்கள். 1930களில் தொடங்கி 1970கள் வரையிலானவை. அவற்றில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்லத் தெரிந்தவர் எங்கள் குடும்பத்தில் ஒருவரே எஞ்சியிருந்தார். அவர் என் தந்தையின் மூத்த சகோதரி. அப்போது வயது 88. மாலை வேளைகளில் மடிக்கணினியை அத்தையின் கட்டிலருகே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படமாகக் காட்டுவேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்.

"இவன் யாருன்னு தெரியலையா தம்பி? உங்க தாத்தாவுக்குப் பங்காளி மகன். ரங்கூன்ல குண்டு போட்டப்போ நடந்தே ஊர் வந்து சேர்ந்தவன். வந்த வருஷமே காய்ச்சல்ல போயிட்டான்."

அப்படிப்பட்ட செய்திகள் எந்தப் பேரேட்டிலும் இல்லை. அத்தையின் நினைவில் மட்டுமே இருந்தன.

அதே நாள்களில் மேசைக் கணினியில் என் தம்பி மகன், மங்கிப்போன படங்களுக்கு வெளிச்சமும் தெளிவும் கொடுத்துக்கொண்டிருந்தான். இருவரும் பயன்படுத்தியது ஒரே மென்பொருள். படத்தொகுப்பை இணையவழிப் பகிர்கோப்புறை ஒன்றில் வைத்துவிட்டால், ஒரு கணினியில் செய்தது மறு கணினியில் தானே வந்துவிடும் என்று எவரோ சொன்னதை நம்பினோம். சில நாள்கள் அப்படித்தான் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இருவரும் ஒரே நேரத்தில் தொகுப்பைத் திறந்து வைத்திருந்தோம். மாலையில் பார்த்தபோது கோப்புறையில் தொகுப்பேடு இரண்டாக இருந்தது. ஒன்றுக்குப் பழைய பெயர். மற்றொன்றின் பெயரோடு 'முரண்பட்ட பிரதி' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. நகல் எதற்கு, இடத்தை அடைத்துக்கொண்டு என்று எண்ணி, அந்த இரண்டாவதை நானே என் கையால் அழித்தேன்.

என் கையால் அழித்தது அத்தை சொன்ன பெயர்களைத்தான் என்பது மூன்று திங்கள் கழித்தே தெரிந்தது. அதற்குள் அத்தைக்குப் பக்கவாதம் கண்டு பேச்சு நின்றிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். படங்கள் ஒன்றுகூடக் குறையவில்லை. 412உம் பத்திரமாக, இரண்டு கணினிகளிலும் இருந்தன. போனவை படங்கள் அல்ல. படங்களைப் பற்றி நாங்கள் எழுதி வைத்தவை. படமும் அதன்மேல் நாம் செய்த வேலையும் வெவ்வேறு இடங்களில் வாழ்கின்றன என்ற இந்த ஓர் உண்மையை அறியாததால் வந்த வினை அது. ஆகவே அதையே முதலில் விளக்குகிறேன்.

பழைய ஸ்டூடியோக்களில் நெகட்டிவ் என்று ஒன்று இருந்ததை நடுவயதைத் தாண்டியோர் அறிவர். இருட்டறையில் அந்த நெகட்டிவிலிருந்து தாளில் படம் எடுக்கும்போது, முகத்தை வெளிறச் செய்யலாம், வானத்தைக் கறுக்கச் செய்யலாம், ஓரத்தை வெட்டலாம். நெகட்டிவ் மட்டும் மாறாது. அமெரிக்காவின் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், 1941இல் நியூ மெக்சிகோவில் ஒரு சிற்றூரின் கல்லறைத் தோட்டத்துக்கு மேலே நிலவெழும் காட்சியை எடுத்தார். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகளாக மீண்டும் மீண்டும் அவர் படம் எடுத்தார். தொடக்கத்தில் எடுத்தவற்றில் வானத்தில் மேகம் தெரியும். பிற்காலத்தில் எடுத்தவற்றில் வானம் ஏறத்தாழ முழுக் கறுப்பு. மூலம் ஒன்று, அதை எப்படிக் காட்ட வேண்டும் என்ற குறிப்புதான் மாறிக்கொண்டே வந்தது.

இன்றைய படத்தொகுப்பு மென்பொருள்கள் அந்த இருட்டறை முறையையே பின்பற்றுகின்றன. நீங்கள் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும்போது, மூலப் படத்தில் ஒரு புள்ளிகூட மாறுவதில்லை. 'இந்தப் படத்துக்கு வெளிச்சம் இத்தனை கூட்டுக. இடப்புறம் இவ்வளவு வெட்டுக. இதில் இருப்பவர் இன்னார்' என்ற கட்டளைகளை மென்பொருள் தனியே ஓர் ஏட்டில் எழுதிக்கொள்கிறது. படத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கட்டளைகளைப் படித்து, அவற்றின்படி நமக்குக் காட்டுகிறது. இது மிக நல்ல ஏற்பாடு. ஜேபெக் வகைப் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் அதன் தரம் சிறிது தேயும். கட்டளை முறையிலோ மூலம் என்றும் மூலமாகவே இருக்கும். வேண்டாத திருத்தத்தைப் பத்தாண்டு கழித்தும் நீக்கிக்கொள்ளலாம். படம் பல மெகாபைட் கனமுள்ளது. கட்டளையோ சில கிலோபைட்தான்.

ஆயினும் இந்த நன்மைக்குள்ளேதான் இடரும் ஒளிந்திருக்கிறது. படங்கள் இருக்கும் கோப்புறையை மட்டும் பென் டிரைவில் நகலெடுத்து மறு கணினிக்குக் கொண்டு சென்றால், நெகட்டிவ்கள் போய்ச் சேரும். குறிப்பேடு வீட்டிலேயே தங்கிவிடும். இதை அறியாமல் 'நான் திருத்தியதெல்லாம் எங்கே போயிற்று?' என்று திகைப்போர் பலர்.

குறிப்பேடு எங்கே இருக்கிறது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். கூகுள் நிறுவனம் 2016இல் கைவிட்ட பிக்காசா, ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத சிறு கோப்பு ஒன்றில் திருத்தங்களைக் குறித்து வைத்தது. கோப்புறையை நகர்த்தினால் அதுவும் கூடவே நகரும். அடோபி நிறுவனம் 2007இல் வெளியிட்ட லைட்ரூம், எல்லாப் படங்களுக்குமான குறிப்புகளையும் ஒரே பெரிய தொகுப்பேட்டில் எழுதுகிறது. இன்று லைட்ரூம் கிளாசிக் என்ற பெயரில் வழங்கும் அதன் மரபு முழுவதும் அவ்வாறே. 2021இல் வந்த பதினோராம் பதிப்பு முதல் அந்த ஏட்டுக்குத் துணையாக இன்னொரு தரவுக் கோப்பும் சேர்ந்துள்ளது. ஏட்டை நகர்த்துவோர் இரண்டையும் சேர்த்தே நகர்த்த வேண்டும். ஆப்பிள் கணினிகளில் உள்ள போட்டோஸ், படங்களையும் குறிப்புகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைக்கிறது. விலையின்றிக் கிடைக்கும் டார்க்டேபிள், தன் ஏட்டில் எழுதுவதோடு நில்லாமல், ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சிறு துணைக்கோப்பிலும் அதே கட்டளைகளை எழுதிவைக்கிறது. இவற்றுள் எது உங்கள் வீட்டில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதே முதல் வேலை.

சரி, தொகுப்பேட்டை இணையப் பகிர்கோப்புறையில் வைத்தால் என்ன தவறு? கடிதங்களும் கணக்குகளும் அப்படி ஒழுங்காகத்தானே போய் வருகின்றன? ஆம், அவை போய் வரும். கடிதம் என்பது ஒருவர் எழுதி முடித்து மூடிவைக்கும் பொருள். தொகுப்பேடோ திறந்திருக்கும் நேரமெல்லாம் அங்கொரு வரி, இங்கொரு வரி என்று இடைவிடாமல் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும் பேரேடு. எழுதும் கை நிற்பதற்குள் பகிர்வுப் பணி அதைப் பிரதியெடுத்துக்கொண்டு போனால், பாதி வரியும் போய்விடும். அதனினும் மோசமானது, இரண்டு கணினிகளில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறப்பது. பகிர்வுப் பணிக்கு அந்த ஏட்டின் உட்பொருள் தெரியாது. இந்தப் பக்கத்தில் பெயர்கள், அந்தப் பக்கத்தில் வெளிச்சம், இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குவோம் என்று அதனால் எண்ண இயலாது. அதன் கண்ணுக்கு அவை வேறுபட்ட இரு கோப்புகள், அவ்வளவே. சில பணிகள் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றுக்குப் 'முரண்பட்ட பிரதி' என்று பெயரிடும். வேறு சில, கடைசியாக வந்ததையே ஏற்கும்.

இதனால்தான் லைட்ரூம் கிளாசிக், தொகுப்பேடு திறந்திருக்கையில் பக்கத்தில் ஒரு பூட்டுக் கோப்பை வைக்கிறது. வலையமைப்பில் உள்ள வட்டிலிருந்து ஏட்டைத் திறக்க மறுத்துவிடுகிறது. ஆப்பிள் நிறுவனமும் போட்டோஸ் மூட்டையை இணையச் சேமிப்புக் கோப்புறையில் வைக்கவேண்டாம் என்று தன் பயனர்களுக்கு அறிவுறுத்துகிறது. அந்தப் பூட்டுக் கோப்பு ஏன் வந்தது என்று புரியாமல் அதை நீக்கிவிட்டுத் திறக்கும் துணிச்சல்காரர்களும் உண்டு. வேண்டாம், அந்தத் துணிச்சல்.

இதற்கு முறையான வழி என்ன என்று யோசித்தபோது, எனக்கு நினைவுக்கு வந்தது நம் பங்குகளின் திருமுழுக்குப் பேரேடு. ஒருவர் திருமுழுக்குப் பெற்ற பங்கில் அவர் பெயர் பதிவாகிறது. பின்னர் அவர் வேறோர் ஊருக்குக் குடிபெயர்ந்து, அங்கே திருமணம் செய்துகொள்கிறார். அந்த ஊர்ப் பங்கு தன் திருமணப் பேரேட்டில் எழுதிக்கொள்வதோடு நிறுத்துவதில்லை; திருமுழுக்குப் பெற்ற பங்குக்கும் அறிவிப்பு அனுப்புகிறது. அங்கே பழைய பதிவின் ஓரத்தில் அது குறிக்கப்படுகிறது. திருமணத்துக்கு முன் புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்று கேட்பதும் இதன்பொருட்டே. ஒருவரைப் பற்றிய தலையாய ஏடு ஒன்றே. எங்கு எது நிகழ்ந்தாலும் செய்தி அங்கு வந்து சேர வேண்டும். இரண்டு ஊர்களும் தத்தம் விருப்பம்போல் ஆளுக்கொரு திருமுழுக்குப் பதிவைத் திருத்திக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்!

கணினிக்கும் அதுவே வழி. இரண்டு கணினிகளில் ஒன்றைத் தலைமை என்று வீட்டார் கூடித் தீர்மானியுங்கள். எது என்பது முக்கியமன்று. ஒன்று என்பதே முக்கியம்.

அதை நடைமுறைப்படுத்த எளிய வழி, கணினிகளையே தலைமை ஆக்காமல், வெளியே செருகும் ஹார்டு டிஸ்க் ஒன்றைத் தலைமை ஆக்குவது. தொகுப்பேடு, படங்கள் இரண்டையும் அந்த வட்டிலேயே வையுங்கள். யார் கையில் வட்டு இருக்கிறதோ அவரே திருத்தலாம். மற்றவர் காத்திருக்க வேண்டும். ஏடு ஒன்றே ஆகையால் முரண்பாட்டுக்கு இடமே இல்லை. சுழலும் தட்டுடையதைவிட எஸ்எஸ்டி வகை வேகமானது. கை தவறினாலும் தாங்கும். ஒரு கணினி விண்டோஸ், மற்றது ஆப்பிள் என்றால் எக்ஸ்ஃபேட் அமைப்பில் வட்டை வடிவமைத்துக்கொண்டால் இரண்டும் படிக்கும், எழுதும். விண்டோஸ் கணினிகளில் ஒரு சிறு தொல்லை உண்டு. இந்தக் கணினியில் 'ஈ' என்ற எழுத்தைப் பெற்ற வட்டு, அந்தக் கணினியில் 'எஃப்' என்ற எழுத்தைப் பெறலாம். அப்போது மென்பொருள் எல்லாப் படங்களையும் காணவில்லை என்று கூவும். அஞ்சவேண்டாம், படங்கள் எங்கும் போகவில்லை. வட்டு மேலாண்மைப் பகுதியில் இரு கணினிகளிலும் ஒரே எழுத்தை நிலையாகக் கொடுத்துவிட்டால் கூக்குரல் அடங்கும். மென்பொருளின் பதிப்பும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். புதிய பதிப்பு ஏட்டைத் தன் வடிவுக்கு மாற்றிக்கொண்டால், பழைய பதிப்பு அதைத் திறக்க இயலாது.

மகனோ மகளோ பல நாள் வெளியூரில் இருக்கிறார்கள், வட்டை அவர்களோடு அனுப்ப மனமில்லை என்றால் வேறொரு வழி உண்டு. லைட்ரூம் கிளாசிக்கில் வேண்டிய படங்களை மட்டும் தேர்ந்து, அவற்றைத் தனித் தொகுப்பேடாகப் பிரித்துக் கொடுக்கலாம். மூலப் படங்களைக் கொடுக்காமல், நீளப்பக்கம் 2560 புள்ளிகள் கொண்ட இலகுவான முன்னோட்டப் படங்களை மட்டும் சேர்த்தனுப்பினாலே போதும். அவற்றின்மீது திருத்தங்கள் செய்யலாம். திரும்பி வந்ததும், 'மற்றொரு தொகுப்பேட்டிலிருந்து சேர்' என்ற கட்டளையால் அந்தச் சிற்றேட்டைத் தலைமை ஏட்டோடு இணைக்க வேண்டும். அப்போது மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும்: இரு இடத்திலும் உள்ள படங்களுக்கு எதை ஏற்பது? அவசரப்படாமல் படியுங்கள். பழைய அமைப்பை மெய்ந்நிகர் நகலாகக் காப்பாற்றும் தெரிவும் அங்கே உண்டு. அதைக் குறியிட்டுக்கொள்வது நல்லது. சிற்றேடு வெளியே சென்றிருக்கும் காலத்தில், அதில் உள்ள படங்களை வீட்டில் எவரும் தொடாதிருப்பது இன்னும் நல்லது. திருமண அறிவிப்பு வந்து சேரும்வரை பேரேட்டில் எழுதாமல் காத்திருப்பதுபோல.

துணைக்கோப்பு முறையையும் சொல்லிவிடுகிறேன். லைட்ரூமிலும் திருத்தங்களை எக்ஸ்எம்பி வடிவில் எழுதச் சொல்லலாம். ரா வகைப் படங்களுக்குப் பக்கத்தில் துணைக்கோப்பாகவும், ஜேபெக், டிஃப் வகைகளுக்குப் படத்தின் உள்ளேயுமாக அவை எழுதப்படும். பிறகு கோப்புறைகளை இரு கணினிகளுக்கும் இடையே ஒத்திசைத்தால் வெளிச்சம், வெட்டு, விளக்கக் குறிப்பு ஆகியவை போய்ச் சேரும். ஆனால் முழுமையாக அன்று. நீங்கள் பிரித்து வைத்த திரட்டுகள், மெய்ந்நிகர் நகல்கள், திருத்தப் படிகளின் வரலாறு ஆகியவை ஏட்டில் மட்டுமே வாழ்பவை. எக்ஸ்எம்பி அவற்றைச் சுமப்பதில்லை. டார்க்டேபிள் வைத்திருப்போர், துவக்கத்தில் மாறிய எக்ஸ்எம்பி கோப்புகளைத் தேடும்படி அமைப்புகளில் ஒருமுறை குறியிட்டுக்கொள்ள வேண்டும். இல்லையேல் கோப்பு வந்து கிடந்தாலும் அது கண்ணெடுத்துப் பாராது.

ஐகிளவுட், அடோபியின் இணைய லைட்ரூம் போன்றவை வேறு வகை. அவற்றில் தலைமை ஏடு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. நம் கணினிகள் எல்லாம் அதற்கு அறிவிப்பு அனுப்பும் கிளைகள். ஏட்டின் உட்பொருளை அறிந்தே ஒத்திசைப்பதால், முன்னே சொன்ன குழப்பம் இங்கே எழுவதில்லை. வசதியானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் விலை உண்டு. ஐகிளவுட் இலவசமாகத் தருவது 5 ஜிகாபைட் மட்டுமே. ஒரு திருமணத்தின் படங்களுக்கே அது போதாது. நிறுவனங்களின் எண்ணமும் மாறுவதுண்டு. 2005இல் ஆப்பிள் வெளியிட்ட அப்பெர்ச்சர் என்ற மென்பொருளை நம்பித் திருத்தங்களைச் சேர்த்து வைத்த நிழற்படக்காரர்கள், 2014இல் அதன் வளர்ச்சி நிறுத்தப்படும் என்ற அறிவிப்பைக் கேட்டு எத்துணை அலைந்தார்கள்! என்னைக் கேட்டால், நடுத்தரக் குடும்பத்துக்கு வெளி வட்டு முறையே ஏற்றது. மாதச் சந்தா கிடையாது. ஏடு நம் பீரோவிலேயே இருக்கும்.

நிற்க. ஒத்திசைவு வேறு, காப்புநகல் வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், நானும் குழப்பிக்கொண்டேன். இரண்டு கணினிகளில் இருக்கிறதே, ஒன்று போனால் மற்றது என்று மார்தட்டினேன். ஒத்திசைக்கும் கருவி நன்மையை மட்டுமன்று, தவற்றையும் அதே உண்மையோடு கொண்டுசேர்க்கும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஒரு படம் ஒரு கணினியில் இருக்கிறது, மற்றதில் இல்லை என்றால், அது இங்கே புதிதாகச் சேர்க்கப்பட்டதா, அங்கே அழிக்கப்பட்டதா? சென்ற முறை நிலைமை எப்படியிருந்தது என்ற நினைவு இல்லாத கருவியால் இதைச் சொல்லவே இயலாது. 1996இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மக்கெராசும் உருவாக்கிய ஆர்சிங்க் என்ற கருவி இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. கோப்பில் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும் திறன் படைத்தது. ஆனால் அது ஒருவழிப் பாதை. இங்கிருந்து அங்கு என்று சொன்னால் அப்படியே செய்யும். விண்டோஸில் உள்ள ரோபோகாப்பியும் அத்தகையதே. அதன் 'மிரர்' கட்டளையில் மூலத்தையும் சேருமிடத்தையும் மாற்றிக் கொடுத்துவிட்டால், பழைய ஏடு புதிய ஏட்டின்மேல் ஏறி அமர்ந்துவிடும். மூலத்தில் இல்லாத கோப்புகள் சேருமிடத்தில் துடைக்கப்படும். திசையை இருமுறை பார்த்தபின் விசையை அழுத்துங்கள்.

காப்புநகல் என்பது ஒத்திசைவில் சேராமல், தனியே, பழைய நிலையிலேயே நிற்கும் படி. நிழற்படத் தொழிலில் இருப்போர் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில். வேறோர் இடம் என்றால் அயல்நாடு வேண்டாம். தங்கை வீடு போதும். தொகுப்பேட்டின் காப்புநகலை நாள் குறித்து வையுங்கள். பழையதை உடனே அழிக்காமல் நான்கைந்தாவது விட்டுவையுங்கள். தவறு நேர்ந்தது தெரிய மூன்று திங்கள் ஆகலாம் என்பதற்கு நானே சாட்சி.

பெயர்களைப் பற்றித் தனியே ஒரு சொல். முகங்களை அடையாளம் கண்டு பெயரிடும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. விளையாட்டாக இருக்கும், குழந்தைகளும் விரும்புவர். ஆனால் அந்தப் பெயர்கள் ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும் என்று நம்பியிருக்க வேண்டாம். படத்துக்குரிய விளக்கக் குறிப்பு என்ற கட்டத்தில், 'இடமிருந்து வலம்' என்று தொடங்கி, முழு வாக்கியமாக எழுதுங்கள். எழுதி முடித்ததும் குறிப்புகளைக் கோப்பிலேயே சேமிக்கும் கட்டளையைக் கொடுங்கள். ஸ்கேன் செய்த ஜேபெக், டிஃப் படங்களில் அக்குறிப்பு படத்தின் உள்ளேயே பதிந்துவிடும். பிறகு ஏடு தொலைந்தாலும், மென்பொருளே மறைந்தாலும், படம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் பெயரும் போகும். நான் அன்று அந்த ஒரு கட்டளையைக் கொடுத்திருந்தால் இக்கட்டுரையே எழுத நேர்ந்திராது. தாளில் அச்சிட்ட படங்களுக்கோ, பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதும் நம் முன்னோர் வழக்கம் இன்றும் சிறந்ததே. பேனா மை மறுபக்கம் ஊறிவிடும்.

எங்கள் வீட்டுக் கதையின் எஞ்சிய பகுதியைச் சொல்லி முடிக்கிறேன். தம்பி மகன் மடிக்கணினியைக் குடைந்து பார்த்ததில், மென்பொருள் மூடும்போதெல்லாம் 'காப்புநகல் எடுக்கவா?' என்று கேட்டு வந்ததும், நான் வழக்கமாக வேண்டாம் என்றே சொல்லிவந்ததும் தெரிந்தது. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை, ஏதோ கவனப் பிசகில், ஆம் என்று அழுத்தியிருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமைப் படி, பகிர்கோப்புறைக்கு வெளியே, மடிக்கணினியின் உள்வட்டில் அப்படியே இருந்தது. அதைத் தலைமை ஏட்டோடு இணைத்தோம். 389 படங்களுக்குப் பெயர்கள் திரும்பி வந்தன. வெளிச்சத் திருத்தங்களும் கெடவில்லை. ரங்கூனிலிருந்து நடந்து வந்த இளைஞரும் தம் பெயரைத் திரும்பப் பெற்றார்.

அந்த வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் இடையே அத்தை சொன்ன 23 படங்கள் மட்டும் கிடைக்கவில்லை. அவற்றை அச்சிட்டு அத்தையிடம் கொண்டு சென்று காட்டினோம். சிலவற்றைப் பார்த்ததும் அவர் கண்கள் மலர்ந்தன, உதடுகள் அசைந்தன, சொல் வரவில்லை. நாங்கள் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, அவர் தலையசைத்தும் மறுத்தும் காட்டியதில் ஆறு பேரைக் கண்டுகொண்டோம். 2021இல் அத்தை மறைந்தார்.

இப்போது எங்கள் வீட்டில் தலைமை ஏடு ஒரு சிறிய வட்டில், அதே பழைய இரும்புப் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. யார் எடுத்துச் செல்கிறார்கள் என்பதைக் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகமும் பக்கத்தில் உண்டு. பெயர் தெரியாத பதினேழு படங்களையும் தனித் திரட்டாக வைத்திருக்கிறோம். அவற்றில் ஒன்றில், மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு பத்து வயதுச் சிறுவன் ஒருவன் நிற்கிறான்; காலில் செருப்பில்லை; பின்னே ஓட்டு வீட்டின் திண்ணை தெரிகிறது. அவனைப் பற்றி அத்தை நெடுநேரம் சொன்னார் என்பது நினைவிருக்கிறது. என்ன சொன்னார் என்பது நினைவில்லை. உறவினர் வீட்டு விசேடங்களுக்கெல்லாம் அந்தப் படத்தை எடுத்துச் சென்று முதியவர்களிடம் காட்டி வருகிறேன்.